இரண்டு விரல் இடைவெளி

என் மச்சானுக்கு ஆணி என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. அடித்த இடத்திலேயே நிற்கிற ஆள், பொருத்தம்தான். என் பெண்டாட்டியின் அண்ணன். பல்கலைக்கழக மண்டபத்தில் தச்சர். நான் அதே மண்டபத்தில் விளக்கு வேலை பார்க்கிறேன்.

அந்த மண்டபம் படிப்புக்காகக் கட்டியதல்ல. காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஜனங்கள் சுற்றி ஓட ஒரு பணக்காரர் கட்டியது. அதனால்தான் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரையை இரும்பு வளைவுகள் தாங்குகின்றன. தரை முழுக்க மரப்பலகை. பிறகு அது சினிமாக் கொட்டகை ஆனது. பின்வரிசைக்குத் திரை தெரிவதற்காகப் பலகைமேலேயே சரிவாக இன்னொரு தரை போட்டார்கள். சினிமா படுத்ததும் பல்கலைக்கழகம் வாங்கியது.

சரிவைப் பிரித்ததும் பழைய பலகை வெளியே வந்தது. பொறியாளர் டைல்ஸ் போடலாம் என்றார். மச்சான் குப்புறப் படுத்து, காதை வைத்து, தட்டித் தட்டிக் கேட்டார்.

"கல்லு மாதிரி இருக்குங்க. இதுக்கு நான் பொறுப்பு."

"அதை எழுதிக் குடுய்யா" என்றார் பொறியாளர். மச்சான் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அந்தத் தரைக்கு ஏதாவது ஆனால் அவர் வேலைக்கு உலை.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி உண்டு. மழை வந்தால் மரம் ஊதும். ஊதுகிற மரம் போக இடம் வேண்டும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மச்சான் வளைந்த கம்பியால் அந்தச் சந்தைக் கிளறிச் சுத்தம் செய்வார். முதல் தடவை அடியிலிருந்து சக்கரத்துக் குண்டுகளும் கொண்டை ஊசிகளும் வந்தன. அதற்கு மேலே சினிமா டிக்கெட் கிழிசலும் சிகரெட் துண்டும். பல்கலைக்கழகம் வந்த பிறகு வெறும் பிட்டுதான். மண்டபத்தில் பரீட்சை நடத்துகிறார்களே, பறக்கும் படை உள்ளே வந்தால் பையன்கள் பிட்டைச் சந்தில் தள்ளிவிடுவார்கள்.

பரீட்சை அதிகாரிக்கு இது தெரிந்தது. சுவரோரம் முழுக்கச் சிமெண்ட் வைத்து அடைக்க உத்தரவு போட்டார். மச்சான் ஓடினார்.

"ஐயா, அதை அடைச்சா தரை தூக்கிரும்."

"நீ தரையைப் பாரு. நான் பரீட்சையைப் பாக்குறேன்."

"தரையைப் பாக்கத்தாங்க வந்திருக்கேன்!"

மனு எழுதினார். கட்டடப் பிரிவு, இது பரீட்சைப் பிரிவின் விஷயம் என்றது. பரீட்சைப் பிரிவு, இது கட்டடம் சம்பந்தப்பட்டது என்றது. நாலு மாதம் இரண்டு படிக்கட்டுகளையும் தேய்த்தார். அதற்குள் சுவரோரம் முழுக்கச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள்.

"விட்டுத் தொலைங்க மச்சான், அவங்க தரை" என்றேன்.

"கையெழுத்து என்னோடதுய்யா, மாப்ள!"

வானம் கறுத்த அன்று உளியும் சுத்தியலுமாகப் போய் இடது சுவரோரம் முழுக்கச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டார். வலது பக்கம் உளி வைப்பதற்குள் காவலாளி சத்தம் கேட்டு வந்தார். உளியைப் பறித்து அலுவலகத்தில் வைத்துப் பூட்டினார்கள். மச்சானுக்கு மெமோ.

ஒன்பது நாள் விடாமல் மழை. இடது பக்கம் பலகைகள் ஊதி, கிடைத்த சந்துக்குள் நகர்ந்து, தட்டையாகப் படுத்துக்கொண்டன. வலது பக்கம் போக வழியில்லாமல் ஒட்டகத் திமில் மாதிரி எழும்பியது. நாற்காலி போட்டால் ஆடுகிறது. பட்டமளிப்பு விழாவுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி.

பொறியாளர் வந்து அறிக்கை எழுதினார். தச்சர் இடது சுவரைக் கொத்தியதால் தரை நிலைகுலைந்து மறுபக்கம் எழும்பிவிட்டதாம். மச்சானின் பழைய கையெழுத்துத் தாளையும் கூடவே வைத்துத் தைத்திருந்தார். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை போகும்.

என் பெண்டாட்டிக்குப் பொறுக்கவில்லை. "மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வாயேண்ணா. உனக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"தரைக்குத்தான் முளைச்சிருக்கு. இன்னைக்கு மன்னிப்பு கேட்டா சிமெண்டை யாரு எடுப்பா?"

அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "ஐயா, செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் இடது பக்கம் நடந்து பாருங்கள். அப்புறம் வலது பக்கம் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகு என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள்."

யாரும் வந்து நடக்கவில்லை. விளக்கம் உரிய படிவத்தில் இல்லை, மூன்று பிரதி வேண்டும் என்று தாள் திரும்பி வந்தது. கூடவே வாய்மொழியாக ஓர் உத்தரவு: விழாவுக்குத் திமில் தெரியாதபடி மேலே கம்பளம் விரிக்க வேண்டும், அதைத் தச்சரே செய்ய வேண்டும்.

மச்சான் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விரிப்பதற்கு முன் குனிந்து வலது சுவரோரச் சிமெண்டை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உதிரவில்லை. வெளியே மறுபடி மழை பிடித்தது. கம்பளத்தை விரித்ததும் அதற்கு அடியில் ஏதோ ஒரு பலகை டக்கென்று விரிசல் விட்டது.

"இன்னொண்ணு போச்சு மாப்ள" என்றார்.