கூட்டத்தின் நடுவே பெரிய கேலக்ஸி

சாரல் தொடங்கிவிட்டால் என் போன் ஓயாது. பெங்களூர் நாத்தனார், மதுரையில் இருக்கும் சித்தி மகன், எல்லோருக்கும் ஒரே கேள்வி: குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா? தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களை இப்படித்தான் சொந்தக்காரர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். விழுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை குளித்த ஈரத்தோடு வந்து இறங்குவார்கள், சாப்பிடுவார்கள், ஒரு ராத்திரி தங்குவார்கள், போவார்கள். சீசன் முடிந்தால் அடுத்த வருடம்தான்.

புனேயில் ஆராய்ச்சி செய்கிற என் மகள் மட்டும் அருவியைக் கேட்கமாட்டாள். அவளுக்கு வானத்து நட்சத்திர மண்டலங்கள், அவள் பாஷையில் கேலக்ஸிகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் சொல்வதையெல்லாம் வீடு, தெரு என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டுதான் கேட்பேன்.

அன்று மத்தியானம் கூப்பிட்டாள். கேலக்ஸிகள் கூட்டங்கூட்டமாக இருக்குமாம். நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக, பளிச்சென்று இருக்குமாம். பக்கத்தில் வந்ததையெல்லாம் விழுங்கி வளர்ந்தது.

"சில கூட்டத்துல ரெண்டாவது பெருசு வெளிச்சத்துல அதுக்குக் கிட்டகூட வராதும்மா. அவ்வளவு வித்தியாசம் இருந்தா, ரொம்ப காலமா பெருசா யாரும் வந்து சேரலன்னு அர்த்தம்."

"அப்ப தனியாத்தான் கிடக்கா?"

"சின்னச் சின்னது சுத்தி இருக்கும். ஆனா நான் பாக்குதது நடுவுல நிக்கல. ஓடுது."

"எங்கயாவது போயி முட்டிராதா?"

"யம்மா, கேலக்ஸிக்கும் நீதான் கவலைப்படணுமா? இன்னொரு கூட்டம் வந்து சேந்திருக்கும். அந்த ஆட்டம் இன்னும் அடங்கல, அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள். ஒரு ரூமா, இரண்டா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். நான் வந்தால் இரண்டு. அவள் அப்பா தவறிப் போனதிலிருந்து இதைத்தான் கேட்கிறாள்; நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்.

"சீசனுக்கு ஆளுக வருவாவளே. வீடு பூட்டிக் கிடந்தா என்ன நினைப்பாவ?"

"லாட்ஜுல தங்குவாவ."

அவள் கேலியாகச் சொல்லவில்லை; அப்படித்தான் தங்குவார்கள். ரயிலில் மேல் பெர்த் கிடைத்தால் எப்படி ஏறுவது, அந்த ஊரில் மாத்திரைக் கடையில் என்ன பாஷையில் கேட்பது, பாத்ரூம் வழுக்குமா என்று ஒவ்வொன்றாக மனசில் வந்துபோனது.

"ஏட்டி, ரெண்டு ரூம் உள்ளதையே பாரு" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பயந்து, "ரெண்டாவது ரூமுல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டுச் சொல்லுதேன்." மூக்கை உறிஞ்சினாள்.

பேசி முடித்தபின், புனே போவதை யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பெயர் வரைக்கும் எல்லோரும் அருவியை மட்டும் கேட்கிறவர்கள். யாரையும் கூப்பிடவில்லை.