பத்தாவது மாடி லிஃப்ட்டில் ஒரு சத்தம்

வெள்ளிக்கிழமை விடிகாலையில் லிஃப்ட் மெக்கானிக் மனைவியோடு ஊரிலிருந்து கிளம்பினார். முப்பத்தோரு வருடம் அடுத்தவர்களை மேலே அனுப்பிய மனிதருக்கு விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. மகள் வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு பெருநகரத்தில் இறங்கி அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"ஒன்பது மணி நேரமும் என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஐஸ் வெக்காம எந்திரிங்க. ஊரைப் பாக்கலாம்."

விமான நிலைய விசாரணை மேஜையில் இருந்த பெண் வரைபடத்தில் ஒரு கட்டடத்தை வட்டமிட்டுக் கொடுத்தாள். பத்து மாடிப் பழைய கட்டடம், மொட்டை மாடியிலிருந்து நகரம் முழுக்கத் தெரியுமாம். பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். மடக்குக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட்டைக் கண்டதும் மெக்கானிக்கின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழாவது மாடியைத் தாண்டியதும் தலைக்கு மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். மற்றவர்கள் பேச்சில் மூழ்கியிருந்தார்கள். மெக்கானிக் மட்டும் அண்ணாந்து பார்த்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் மனைவி கைப்பிடிச் சுவரோரம் ஓடினாள். அவரோ அதே லிஃப்ட்டில் கீழே இறங்கினார், திரும்ப ஏறினார், மறுபடி இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் 'டிக்'.

"சார், டிக்கெட் ஒரு தடவைக்குத்தான்," என்றார் நரைத்த மீசைக் காவலாளி.

"அண்ணே, இது எப்பலேர்ந்து சத்தம் போடுது?"

"வயசானா எனக்கும்தான் முட்டி சத்தம் போடுது. அதுக்கென்ன?"

"முட்டி அறுந்து யாரும் விழ மாட்டாங்களே."

தன் தொழிலே லிஃப்ட் வேலைதான் என்று அவர் சொன்னதும் காவலாளி அவரை மேலே கூட்டிப் போனார். மொட்டை மாடி ஓரத்திலிருந்த மோட்டார் அறையைத் திறந்துவிட்டார். மெக்கானிக் மனைவியின் கைக்குட்டையை வாங்கி, மெதுவாக ஓடிய இரும்புக் கயிற்றின் மேல் லேசாகத் தொட்டபடி வைத்தார். ஓரிடத்தில் வெடுக்கென்று இழுத்தது. எடுத்துப் பார்த்தால் துணி நார் நாராகக் கிழிந்திருந்தது.

"கயித்துல கம்பி கம்பியா அறுந்து துருத்திட்டு இருக்கு. இனிமே யாரையும் ஏத்தாதீங்க."

"ஓனர் ஊர்ல இல்ல சார். நாளைக்கு சனிக்கிழமை, கூட்டம் அள்ளும். நான் நிறுத்துனா என் வேலை போயிடும்."

"ஏங்க, நேரமாச்சு," என்றாள் மனைவி. கைக்குட்டை போன கோபம் வேறு.

மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்தார். அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்கிறவன் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர்ச் சீட்டைத் தொங்கவிடுவான். அவன் தவிர வேறு மெக்கானிக் அதைத் தொட மாட்டான். மனைவியின் கைப்பையில் தொங்கிய சிறு பூட்டைக் கழற்றிச் சுவிட்சில் போட்டார். பையின் விலாசச் சீட்டில் 'கயிற்றைப் பார்க்காமல் திறக்கக் கூடாது' என்று எழுதிக் கட்டினார்.

"பூட்டுனது நான்தான்னு சொல்லிடுங்கண்ணே. உங்க ஓனர் என்னையே திட்டட்டும்."

லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, இருவரும் பத்து மாடியும் படியில் இறங்கி ஓடினார்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து வாயைப் பிளந்தார். சாவி அங்கேயே இருந்தது; காவலாளியிடம் கொடுக்க மறந்துவிட்டார். பூட்டியதும் சாவியைத் தன் பையில் போடுகிற முப்பத்தோரு வருடப் பழக்கம் காலை வாரிவிட்டது.

"ஊர் பாக்கப் போய் ஊரான் வீட்டைப் பூட்டிட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்," என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது சுண்டு விரல் அளவுப் பூட்டு. ஓனர் ஒரு சுத்தியலால் தட்டினால் போதும். மறுநாளே சாவியைத் தபாலில் அனுப்பி, மன்னிப்புக் கேட்டு நாலு வரியும் எழுதினார். பதில் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மகள் வீட்டில், லிஃப்ட் விபத்து ஏதும் வந்திருக்கிறதா என்று செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

எட்டு மாதம் கழித்து மகள் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். விலாசச் சீட்டில் இருந்தது அவள் வீட்டு முகவரி.

'சார், ஓனர் பூட்டை உடைக்கத்தான் சொன்னார். கம்பெனி மெக்கானிக் சீட்டைப் பார்த்ததும், இன்னொரு மெக்கானிக் போட்ட பூட்டு, கயிற்றைப் பார்க்காமல் தொட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். பார்த்துவிட்டு வெளியே வந்தவர் தண்ணீர் கேட்டார். பாதிக் கம்பிகள் அறுந்திருந்ததாம். ஓனர் இத்தனை மாதம் இழுத்தடித்து, போன வாரம்தான் புதுக் கயிறு போட்டார். அதுவரை லிஃப்ட் பூட்டியேதான் கிடந்தது. லிஃப்ட் இப்போது சத்தமில்லாமல் போகிறது. நான் மட்டும் இன்னும் படியில்தான் ஏறுகிறேன். என் வேலை போகவில்லை.'