ஒன்றாம் கட்டத்துக் கல்

மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்து இருபது நாள். டிவியில் கார் ரேஸ் பார்த்தே பொழுதைப் போக்கியவர், "நன்னிலம் பக்கம் பழைய ரேஸ் டிராக் இருக்காம், வா" என்றார். தை மாதக் கடைசிச் செவ்வாய், காலை 7:10க்கு நாகப்பட்டினத்தில் காரை எடுத்தோம். கிழக்கே மேகம்.

நன்னிலம் 8:15. அங்கிருந்து வயல் நடுவே பதினோரு கிலோமீட்டர். டிராக் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய், சரித்திரம் இலவசம். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானத்துக்குப் போட்ட ஓடுதளமாம். விமானம் போனபின் கார் பந்தயம் வந்தது. வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்கினார்கள், ஜனம் வரப்பில் நின்று பார்த்தது. ஒரு கார் தடம் மாறிக் கூட்டத்தை உரசிப் போனதும் பயந்து நிறுத்திவிட்டார்கள். இன்று அதுதான் ஊருக்கே நெல் காயவைக்கும் களம். கார்கள் புறப்பட நின்ற கட்டங்களுக்கு இன்னமும் சுண்ணாம்பில் எண் போடுகிறார்கள். ஒன்றாம் கட்டம் மேடு, தண்ணீர் நிற்காது.

அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நடுவில் வேப்பங்கொத்து கட்டிய ஒரு கல். மச்சான் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுக் காரை நிறுத்தி, ஜெயித்தவர் மாதிரி கையை உயர்த்தினார். போட்டோ எடுத்தேன்.

"கேட்டுட்டு எடுக்கக் கூடாதா மச்சான்?"

"கல்லுதானே புள்ள!"

காரை ஓரங்கட்டிவிட்டு வளைவு வரை நடந்து திரும்பினால், ஒன்றாம் கட்டம் முழுக்க யாருடைய நெல்லோ! டிராக்டர் நிறைய நெல்லோடு ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தார். "நேத்து சாயங்காலமே கல்லு வச்சேனே, எந்தப் பாவி எடுத்தான்?"

"கல்லு இல்லையேம்மா, அதான் கொட்டினேன்" என்றார் நெல்லைப் பரப்பிய கோவிந்தராஜ்.

முதலில் கல் வைப்பவருக்கே மறுநாள் கட்டம். அந்த வழக்கம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் மல்லிகா. மூன்று ஏக்கர் குத்தகை. மறுநாள் காலை அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் அவர் முறை. ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள்; அவர் நெல் இருபதில் இருந்தது. பள்ளமான கட்டங்கள்தான் மிச்சம், அங்கே தரை ஈரம்.

சாவி மச்சான் கையில். பேசாமல் போய்விடலாம். போனை நீட்டினேன். படத்தின் ஓரத்தில் அந்தக் கல்.

"நாங்கதான்மா எடுத்தோம்."

"போஸ் குடுக்கவா பாய்?" மல்லிகா மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

மச்சான் சட்டைக் கையை மடித்தார். அள்ளிக் கொடுத்தால் இடம் மாறிக்கொள்வதாகக் கோவிந்தராஜ் சொன்னார். கொள்முதலில் அவர் முறைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான்கு பேரும் அள்ளினோம். பத்தரைக்கு மல்லிகாவின் நெல் ஒன்றாம் கட்டத்தில் பரவியது. ஒரு மணி நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் வெயில் வந்தது. மாலை ஐந்து வரை மச்சான் வெறுங்காலோடு நெல்லைத் துழாவிச் சுற்றிச் சுற்றி நடந்தார். கிளம்பும்போது மல்லிகா என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: தையில் போனால் வாசலிலேயே காரை நிறுத்துங்கள், நிழலே இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். எந்தக் கல்லையும் தொடாதீர்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு மல்லிகாவிடமிருந்து போன். மச்சான் டிவியை அணைத்தார்.

"ஈரம் பதினாறரைதான் அக்கா, எடுத்துக்கிட்டாங்க! அடுத்த லீவுக்கு வந்தா என்கிட்ட சொல்லுங்க. கல்லை நானே எடுத்துத் தர்றேன், பாய் நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்."