இல்லாத பெயரைக் கேட்டபோது

எழுதிப் பழகாத கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு படிப்பு நின்றது, நடுநடுவே மறந்தும் போகிறது. பேய் பிசாசை நான் நம்பினவளே இல்லை. அம்பகரத்தூர் அம்மனுக்கு மாவிளக்கு போடுவேன், அது வேறு.

காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் அறையைத் துடைக்கிற வேலை எனக்கு. அன்றைக்கு பெரிய மிஷின் நின்றுபோய் ஸ்கேன் படம் எதுவும் வரவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் நஸ்ரினிடம் மேனேஜர், "சாயங்காலத்துக்குள்ள எழுப்பலன்னா நாளைக்கு வராதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஏசி ஒழுகியதால் நானும் வாளியும் துணியுமாக அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

பெரியது செத்துக் கிடந்தாலும் அதன் வயிற்றில் ஒரு சின்ன மிஷின் விழித்தே இருக்குமாம். பெரியதை அதுதான் எழுப்பும், ஆனால் ஆட்கள் பட்டியலில் பெயர் இருப்பவர் சொன்னால்தான் கேட்கும். பட்டியல் வேறொரு மிஷினில், அது எங்கே என்று சொல்ல இன்னொரு மிஷின். நஸ்ரின் பட்டியலுக்குப் போகிற வழியை எழுதுவாள், தன் பெயரைப் போடுவாள், அது ஒன்றுமே சொல்லாமல் சுற்றிக்கொண்டு நிற்கும். அழிப்பாள், மறுபடி எழுதுவாள். மத்தியானச் சாப்பாடு பிரிக்காமலே கிடந்தது.

"யா அல்லா, ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு! ஊமைக் கோட்டான் மாதிரி இருக்கே!" என்று மேசையைத் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆயாம்மா, பட்டியல்ல இல்லாத பேரு ஒண்ணு சொல்லுங்க. இல்லன்னாவது சொல்லுதா பாப்போம். உங்க வூட்டுக்காரரு பேரு என்ன?"

"அதை எப்படிம்மா என் வாயால சொல்றது?"

"போய்ச் சேந்து எத்தனை வருசமாச்சு, இன்னும் என்ன வெக்கம்?"

"திருநள்ளாறு சாமி பேருதான்" என்றேன்.

அவள் சனீஸ்வரன் என்று அடித்துவிட்டாள். பாய் வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரிந்தது அதுதான். நான் மனதில் வைத்தது அங்கே மூலவராக இருக்கிற சிவன் பெயரை. திருத்த வாயெடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

நம்பினால் நம்புங்கள். இங்கிலீஷ் மட்டுமே வருகிற அந்தத் திரையில் தமிழில் என் வீட்டுக்காரர் பெயர். அவர் கையெழுத்துப் போடும்போது ஒரு எழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார், அந்தப் புள்ளியும் இல்லை. துணி கையிலிருந்து விழுந்தது.

"ஆளு இருக்குங்குதே!" என்று கத்தினாள் நஸ்ரின். உடனே தன் பெயரைப் போட்டாள், ஏற்றுக்கொண்டது. பெரிய மிஷின் இரைச்சலோடு எழுந்தது. அவள் வேலை தப்பியது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மெதுவாகக் கேட்டேன்.

"தமிழா? அதுல தமிழே வராது ஆயாம்மா. சனீஸ்வரன்னு ஆளு இருக்குன்னு இங்கிலீஷ்லதான் வந்துச்சு. ஆனா பட்டியல் முழுக்கத் தேடிட்டேன், அப்படி யாருமே இல்ல."

இப்போதும் அந்த மிஷினுக்கு முதுகைக் காட்டித் துடைக்க என்னால் முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்து அந்தப் பட்டியலை ஒருமுறை சரி பாருங்கள். அவர் பெயர் இருந்தால் தலையை ஆட்டினால் போதும், என் காதில் விழும்படி வாசித்துவிடாதீர்கள்.