லிங்கன் மூக்கில் குண்டூசி

முக்காட்டில் செருகியிருந்த குண்டூசியை உருவி, ஆபிரகாம் லிங்கனின் மூக்கில் நறுக்கென்று குத்துகிறார் சுலைகா. தாளைத் திருப்பி, ஊசிமுனை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தேடுகிறார். 'அடிமை முறையை ஒழிக்க' என்ற வரிக்கு நடுவில். முகம் மலர்ந்துவிடுகிறது. "மூக்கு தப்பலைலே கருப்பணா, ஓட்டு!" என்கிறார். அச்சு மிஷின்காரர் கருப்பணன் அதற்காகத்தான் காத்திருந்தார்.

திருத்தங்கலில் அச்சாகும் பள்ளிக்கூட சார்ட்டுகளைப் பார்க்காத பிள்ளை அபூர்வம். முன்பக்கம் கட்டம் கட்டமாகப் பெரிய மனிதர்களின் படங்கள்; ஒவ்வொரு படத்துக்கும் நேர் பின்னால் அவரைப் பற்றி நாலு வரி. பிள்ளைகள் கட்டத்தை வெட்டி, பின்னால் உள்ளதைப் பார்த்து எழுதிவிட்டு, படத்தை நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். 'உலகை மாற்றியவர்கள்' என்ற சார்ட்டில் யாரை எங்கே வைப்பது, அவரைப் பற்றி என்ன எழுதுவது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் சுலைகாவின் கையில். குறுக்கே ஐந்து, நெடுக்கே நான்கு, ஆக இருபது கட்டம். உலகத்தில் எத்தனை பேர் பிறந்து என்னென்ன செய்திருந்தாலும், இவர் தலையசைத்தால்தான் உள்ளே வர முடியும்.

கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களை உட்கார வைக்கிற கவனம் அவருக்கு. போரில் மோதிக்கொண்ட இருவரை ஒருபோதும் பக்கத்தில் வைக்க மாட்டார். "அடிச்சுக்கிட்டே கெடப்பாக, தாளு கசங்கிரும்" என்பார். சிவகாசி பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கும் கணவர் அலாவுதீனுக்கு இது தினசரி வேடிக்கை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னைக்கு யாரைப் பந்தியிலருந்து எழுப்பிவிட்ட?" என்று கேட்டார்.

"நெப்போலியனை. ரொம்ப வருசமா உக்காந்திருந்தாரு."

நெப்போலியனோடு நின்றிருந்தால் அச்சகத்தில் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சீசனுக்கு, நடுவில் மேலிருந்து கீழ்வரை இருந்த நான்கு பேரையும் எழுப்பிவிட்டார் சுலைகா. அந்த இடம் முழுக்க ஒரே படம்: உப்பெடுக்க நடந்துபோகிறவர்கள். மண் சாலை ஒன்று சார்ட்டை இரண்டாக வகிர்ந்துகொண்டு இறங்குகிறது. அதில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். ஓவியரிடம் தானே பக்கத்தில் நின்று வரைந்து வாங்கினார். கீழே எந்தப் பெயரும் கிடையாது.

முதலாளி சங்கரபாண்டியனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, காந்தி இல்லாம உப்பு நடையா?"

"அவுகளுக்குத் தனிக் கட்டம் குடுத்திருக்கேன் அண்ணாச்சி. இது பின்னால நடந்தவுகளுக்கு."

"பேரு இல்லாத படத்த எவன் வாங்குவான்? ஒத்தக் கடைக்காரன் கொறை சொன்னாலும் அந்த நாலு பேரும் திரும்பி வந்துருவாக. பழைய அச்சுப் பிளேட்டு பத்திரமாத்தான் இருக்கு."

அந்த நிபந்தனைக்குச் சுலைகா சம்மதித்தார்; படத்தை மட்டும் விடவில்லை. பிடிவாதத்துக்குக் காரணம் ஆமத்தூர் ரோடு. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் முன் அவர் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பெண்களை ஒரே வேனில் மூச்சு முட்ட அடைத்து ஏற்றுவார்கள். ஒருநாள் காலையில் யாரோ ஒருத்தி ஏற மறுத்துச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "ஆபீசர் வந்து 'ஒங்க தலைவி யாரு?'ன்னு கேட்டாரு. நாங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கோம். மொதல்ல உக்காந்தது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எவளுக்கும் தெரியாது. ஆனா ரெண்டாவது வேன் வந்துச்சுல்ல?" என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு படி ஏறும். உலக வரலாற்றை அவர் அளப்பது அந்த இரண்டாவது வேனை வைத்துத்தான்.

சோதனை வேறு வழியாக வந்தது. சொந்தத்தில் கல்யாணம் என்று சுலைகா விருதுநகர் போயிருந்த நாளில், அவசர ஆர்டர் என்று கருப்பணன் சார்ட்டை ஓட்டிவிட்டார். பின்பக்க வரிகளை, தாள் திரும்பும்போது இடது வலதாகும் என்பதை மறந்து, முன்பக்க வரிசையிலேயே பிளேட்டில் வைத்துவிட்டார்கள். குத்திப் பார்க்கக் குண்டூசியும் அன்று ஊரில் இல்லை. முதல் லோடு காரியாபட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கடைக்காரர்களின் போன் ஓயவில்லை. இடது கோடியில் இருந்த லிங்கன் விளக்கேந்திப் போர்வீரர்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். வலது கோடியில் இருந்த நைட்டிங்கேல் அம்மையார் அமெரிக்காவின் பதினாறாவது அதிபராகியிருந்தார். சங்கரபாண்டியன் தாளும் கையுமாகக் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார்.

"போதும்மா ஒன் புதுமை. இதுக்கு மறுபடி பிளேட்டுப் போட முடியாது. பழசையே ஓட்டச் சொல்லிட்டேன்."

சுலைகா எழுந்திருக்கக்கூட இல்லை. தாளை வாங்கி மேசைமேல் விரித்தார். "பதினாறு பேரும் எடம் மாறிட்டாக, சரி. நடுவுல பாத்தீகளா?"

முதலாளி திருப்பிப் பார்த்தார். நடுப் பத்தி எப்படித் திருப்பினாலும் நடுவில்தான் விழும். நடக்கிறவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய நான்கு வரிகளே இருந்தன: 'உப்புக்கு வரி கட்ட மாட்டோம் என்று கடலை நோக்கி நடந்தவர்கள். அடி விழுந்தது. சிறைக்குப் போனார்கள். மறுபடியும் நடந்தார்கள்.'

"எடம் மாறாம நிக்கது இவுக மட்டுந்தான் அண்ணாச்சி. கடைக்காரவுக இத்தன பேரு பேசுனாகளே, இவுகளப் பத்தி ஒருத்தராச்சும் கொறை சொன்னாகளா? இவுகளையா எறக்கச் சொல்றீக?"

சங்கரபாண்டியன் அந்த வரிகளை இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாசலைப் பார்த்து, "ஏலே கருப்பணா, புது பிளேட்டுக்குச் சொல்லு. இந்தம்மா ஊசி போடாம ஒத்தத் தாளு வெளிய போகக் கூடாது" என்றார்.

திருத்திய முதல் தாள் வந்ததும் சுலைகா குண்டூசியை உருவினார். லிங்கன் மூக்கு, சரி. நைட்டிங்கேல் மூக்கு, சரி. பதினாறு மூக்கும் முடிந்து நடுவுக்கு வந்தபோது கை நின்றது. கூட்டத்துக்கு மேலே ஊசி இங்கும் அங்கும் அலைந்தது. ஒரு கிழவர் முகம், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், பாதி மறைந்த இன்னொரு தலை. கருப்பணன் பொறுமையிழந்து, "யாரையாச்சும் குத்துங்கக்கா" என்றார்.

சுலைகா ஊசியைக் கீழே இறக்கி, அவர்கள் காலடியில் கிடந்த சாலையில் குத்தினார்.