கண்ணாடிவிரியனும் ஒரு குடம் தண்ணீரும்

எங்கள் அப்பா நடந்து வருவது நான்கு கொல்லை தள்ளியே தெரிந்துவிடும். டயரில் வெட்டித் தைத்த செருப்பு போட்டிருப்பார். ஒவ்வோர் அடியையும் தரையில் ஓங்கிக் குத்தி வைப்பார். போதாததற்குக் கையில் ஒரு மூங்கில் கழி. அதையும் தட்டிக்கொண்டே வருவார். நடுநடுவே கனைப்பு வேறு. நல்ல உயரம், உயரத்துக்கேற்ற மீசை, கிணற்று மேட்டில் நின்று அதட்டினால் அடுத்த ஊர் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும் குரல். அப்பா பூமியையே மிரட்டிக்கொண்டு நடக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டிவனத்துக்கு மேற்கே, ஊரை விட்டு விலகி, மானாவாரிக் கொல்லைக்கு நடுவில் எங்கள் வீடு தனியாக இருந்தது. மண்சுவர், பனையோலைக் கூரை. நிழல் என்று சொல்லிக்கொள்ள நாலைந்து பனையும் ஒரு வேலமரமும். மற்றதெல்லாம் சுக்காங்கல்லும் செம்மண்ணும். மழை பெய்தால் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும், பெய்யாவிட்டால் வெயிலும் விளைகிற பூமி. கிணறு ஒன்று இருந்தது, ஆனால் தண்ணீர் உப்பு. மாடுதான் குடிக்கும். மனிதர் குடிக்க அரை மைல் போய் எடுத்து வர வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே சிந்திவிட்டால் அன்றைக்கு முழுவதும் அம்மாவிடம் வசவு வாங்க வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் பாம்பு இல்லாமல் இருக்குமா? ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. மற்ற வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகுதான் 'பூச்சி' என்பார்கள். எங்கள் வீட்டில் பட்டப்பகலிலும் அது பூச்சிதான். அப்பாவின் உத்தரவு. இன்னும் சில உத்தரவுகள் உண்டு. கற்குவியல் பக்கம் விளையாடக் கூடாது. காலையில் அப்பா வெளியே போய்க் கழியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு வரும்வரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. போரிலிருந்து மாட்டுக்கு மல்லாட்டைக் கொடி பிடுங்குவது, ஓலைக் கட்டைப் பிரிப்பது, மூலையில் கிடக்கும் மூட்டையை நகர்த்துவது எல்லாம் அம்மாவின் வேலை. அப்பா அதில் கை வைக்க மாட்டார். பெரிய மனிதர்கள் சில வேலைகளைச் செய்வதில்லை என்று நான் புரிந்துவைத்திருந்தேன். வந்து போகிறவர்களும், புருஷனுக்கு வேலை வைக்காத பொம்பளை என்று அம்மாவைத்தான் மெச்சிவிட்டுப் போவார்கள்.

அம்மா கண்டாச்சிபுரத்துப் பக்கம் பாறைக்காட்டில் பிறந்தவள். அவளுக்குப் பாம்பும் ஓணானும் ஒன்றுதான். ஒல்லியாக, சத்தமில்லாமல் இருப்பாள். அவள் பின்னால் வந்து நிற்பது தோளில் கை வைத்தால்தான் தெரியும்.

அது கார்த்திகை மாதக் கடைசி. மல்லாட்டை பறித்து, காய் ஆய்ந்து முடித்து, காய்ந்த கொடியை வீட்டுக்கு எதிரே போராகப் போட்டிருந்தார்கள். பிற்பகலில் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா வேலமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். ஒன்றரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் பார்த்துக்கொண்ட லட்சணம், நான் பாட்டுக்கு ஏழாங்கல் ஆடிக்கொண்டிருக்க, அவன் தத்தித் தத்திப் போய்ப் போரின் ஓரமாக உட்கார்ந்து, ஆயும்போது விட்டுப்போன காய்களைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் சைக்கிள் கிடையாது. அதனால்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

தம்பிக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், போரின் அடியிலிருந்து பாதி வெளியே வந்து சுருண்டு கிடந்தது. தடித்த உடம்பு. முதுகு நெடுக சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வளையங்கள். உடம்பு உப்பி உப்பி இறங்க, அந்தச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். கையிலிருந்த மல்லாட்டையை அதற்கு நீட்டினான்.

"அப்பா!" என்று நான் கத்தியது பக்கத்துக் கொல்லை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அப்பா எழுந்து ஓடி வந்தார். செருப்பில்லாத காலோடு அவர் தரையில் நடந்ததையே நான் அதுவரை பார்த்ததில்லை. கழியை ஓங்கிக்கொண்டு நேராகப் போருக்கு ஓடினார். பாம்புக்கு இரண்டு எட்டு இருக்கும்போது அதைப் பார்த்தார். அவ்வளவுதான், நின்றுவிட்டார்.

ஓங்கிய கழி ஓங்கியபடியே நின்றது. பாம்பு தம்பியை விட்டுத் தலையை அவர் பக்கம் திருப்பியது. அடிப்பார், இதோ அடிப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. அப்புறம் அவர் வேட்டி முன்பக்கம் நனைந்து, ஈரம் முழங்கால் வரை இறங்குவதைப் பார்த்தேன். பாம்பைக் கண்டு வராத பயம் அதைக் கண்டுதான் எனக்கு வந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. அம்மா வந்ததை நான் கவனிக்கவில்லை. குடத்தை அவள் இறக்கி வைத்த சத்தமும் கேட்கவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த சாணி மெழுகிய கூடையை எடுத்துக்கொண்டு, போரைச் சுற்றி, பாம்புக்குப் பின்பக்கமாக அவள் வருவதைத்தான் பார்த்தேன். பாம்பு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்தாள். கூடை 'டப்'பென்று கவிழ்ந்தது. இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி அழுத்திக்கொண்டாள்.

"பாப்பா, தம்பியத் தூக்கு. ஓடாத. நடந்து போ" என்றாள். நான் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் விட்டேன்.

"இப்ப அந்தத் திருகைக் கல்ல உருட்டிக்கினு வா. மேல் கல்லு."

உருட்டிக்கொண்டு போனேன். அம்மா ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் கல்லைத் தூக்கிக் கூடைமேல் வைத்தாள். உள்ளே இரும்புச் சட்டியில் தண்ணீர் பட்ட மாதிரி சீறிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் அப்பாவிடம் போனாள். அவர் இன்னும் ஓங்கிய கழியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழியை வாங்கினாள். "ஒண்ணுமில்ல. ஆயிடுச்சி. ஒண்ணுமில்ல" என்று, தம்பி விழுந்தால் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தார். குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

அதற்குள் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் குடத்தைத் தூக்கி வந்து, அரை மைல் சுமந்து வந்த நல்ல தண்ணீரை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அப்பாவின் தலையோடு ஊற்றினாள்.

அம்மாவுக்குத்தான் பாம்பைக் கண்டு புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்துக் கொல்லைக்கார மாமா. "இன்னா மச்சான்? இன்னா ஆச்சி? ஏன் நனைஞ்சிக்கினு நிக்கிற?"

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்: "விரியன் அண்ணே. கொழந்தைகிட்ட வந்துடுச்சி. அவருதான் எதுக்க நின்னு மறிச்சிக்கினாரு. கூடையப் போட்டு மூடியாச்சி. அது மூச்சு அவரு மேல பட்டுடுச்சேன்னு தலையோட தண்ணி ஊத்தினேன்."

"நல்ல வேல பண்ணம்மா! விரியன் மூச்சு பட்டா ஒடம்பெல்லாம் கொப்பளிச்சிப் போயிடும்" என்றார் மாமா. கூட வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கூடையைத் தள்ளி நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். மாமா அளந்து பார்த்தார். மூன்று முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அது வளர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஊருக்குள் போவதற்குள் நாலு முழமாயிற்று. திண்டிவனத்தில் ஐந்து முழம். அடுத்த வாரம் விக்கிரவாண்டிச் சந்தைக்குப் போய் வந்த ஒருவர், எங்கள் அப்பா அதன் கழுத்தைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அறைந்தாராமே என்று எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எங்களிடமே சொன்னார். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியிடம், மூடியது எங்கள் அம்மா என்று சொன்னேன். பொம்பளையாவது விரியனைப் பிடிப்பதாவது என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான மூடின? அப்பா சும்மா நின்னாரு. ஏன் அப்பான்னு பொய் சொன்ன?"

"நான் எங்கடி அப்பா மூடினாருன்னு சொன்னேன்? மறிச்சிக்கினு நின்னாருன்னுதான் சொன்னேன்."

"அவரு மறிக்கல. பயந்துக்கினு நின்னாரு. நான் பாத்தேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"பயந்துக்கினுதான் நின்னாரு. ஓடிப் போயிட்டாரா? அவரு அங்க நின்னதால அது அவரயே பாத்துக்கினு இருந்திச்சி. இல்லன்னா நான் எப்பிடிடி பின்னால வருவேன்?" என்றாள். "வேற யாருகிட்டயும் இதப் பேசாத. அப்பாகிட்ட எதுவும் கேக்காத."

பெரியவர்கள் பொய்க்கு மேல் பொய் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் நான் கேட்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. அவர் கூப்பிட்டு என் தட்டில் வைக்கும் கருவாட்டுத் துண்டைத் தொடாமல் எழுந்து போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

மல்லாட்டை மூட்டைகளைத் திண்டிவனத்துக்கு ஏற்றிய நாளில், "பாப்பாவையும் கூட்டிக்கினு போறேன்" என்றார். போக மாட்டேன் என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். டவுனில் பக்கோடா கிடைக்கும் என்ற நினைப்பு என்னை வண்டியில் ஏற்றிவிட்டது. பக்கோடா கிடைத்தது. தலைக்கு ரிப்பனும் கிடைத்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு, பேசாமலேதான் இருந்தேன்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. காலிச் சாக்குகளின்மேல் நான் படுத்துக்கொண்டேன். அப்பா மாட்டைப் பார்த்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"உங்க அம்மாதான் மூடினா. எனக்குத் தெரியாதா கண்ணு?"

கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்க ஏன் அடிக்கல?" என்றேன்.

"கை வர்ல கண்ணு."

மறுபடி கொஞ்ச தூரம்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உன் ஒசரம்தான் இருப்பா" என்றார். அப்புறம் மாட்டை அதட்டினார். அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தங்கைக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே கண் அசந்தேன்.

வண்டி ஏரிக்கரை ஏறியது. அப்பா கையை நீட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தூங்காத கண்ணு. எழுந்திரு. ஏதாவது பேசிக்கினே வா."

"எனக்குத் தூக்கம் வருது."

"பேசு கண்ணு. ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க? சொல்லு."

வேறு வழியில்லாமல் வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன். அப்பா அவசரமாக, "அப்புறம்? அப்புறம்?" என்றார். அது முடிந்து எட்டும் சொன்னேன். கரை நெடுகச் சொன்னேன்.

என் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். அப்பாவுக்குப் பதினோரு வயது. போரில் கொடி பிடுங்கப் போன தங்கையை ஏதோ தீண்டிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. வழியில் பார்த்த யாரோ, தூங்கவிடாதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முதுகில் தூக்கிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். அந்தப் பெண் இதே ஏரிக்கரை ஏறும்வரை பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். கரைமேல் பேச்சு நின்றுவிட்டது. அவர் ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டே போயிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வண்டியில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. கரை இறங்கியதும் அப்பா பெரிதாக மூச்சு விட்டார். தோளில் கிடந்த துண்டை மடித்து என் தலைக்கு அணையாக வைத்தார். "இப்ப தூங்கு கண்ணு" என்றார். நன்றாக வந்த தூக்கத்தைக் கெடுத்துவிட்டு இப்போது தூங்கச் சொல்கிறாரே என்ற கோபத்தில், நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.