லுத்பியா அன்ரி பார்த்த மிச்சம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்மாடி லுத்பியா அன்ரியுடையது. அந்த வீட்டுக்குப் போய் ஆறிய பண்டம் தின்று வந்தவர் எவரும் இல்லை. குழாய் திருத்த வருபவருக்கும் கட்லட்டைச் சூடாக்கித்தான் கொடுப்பார். அவருடைய கணவர் பௌஸி அங்கிள் காலமான அன்றுகூட, எங்கள் வீட்டிலிருந்து போன தேநீர் ஆறியிருக்கும், வந்தவர்களுக்குச் சுடவைத்துக் கொடுங்கள் என்று அழுகைக்கு நடுவில் சொன்னவர்.

அன்றிலிருந்து அவர் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். மணமுடிக்க விலக்கில்லாத ஆண்கள் முன் வரக் கூடாது. கணவரின் அண்ணன் ஹஸனும் அவர்களில் ஒருவர். அவர் வந்தால் அன்ரி அறைத் திரைக்குப் பின்னால் போய்விடுவார். வீட்டில் நடப்பதைக் காதாலேயே அறிந்துகொள்ளப் பழகியிருந்தார். செருப்பைக் கழற்றுவது யார், எந்தக் குழாயைச் சரியாக மூடவில்லை, எல்லாம் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஹஸன் தன் மருமகன்மார் இருவரோடு வந்திருந்தார். விஷயம் அன்ரியின் ஒரே மகள் ஸும்றாவைப் பற்றியது. ஒரு தொலைக்காட்சியில் பயிற்சி நிருபராக இருந்தவளை, நிரந்தரமாக வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தகப்பன் இல்லாத வீட்டில் பெரியப்பாவின் சொல்லை மீற அவளுக்கு மனமில்லை. ஹஸனுக்கோ பெண்பிள்ளை கேமராவோடு தெருத்தெருவாக அலைவது பிடிக்கவில்லை.

"அவட நிகழ்ச்சிய ஒருக்கா பாத்துட்டு செல்றன்," என்று மட்டும் ஹஸன் இறங்கி வந்திருந்தார்.

அவளுடைய முதல் நிகழ்ச்சி அன்று மத்தியானம் ஒளிபரப்பானது. இணையத்தில் மறுநாள்தான் போடுவார்கள். ஆனால் கிரிக்கெட்டைப் பதிந்து பார்க்க பௌஸி அங்கிள் வாங்கி டிவியோடு பொருத்திய பெட்டி அதைப் பதிவுசெய்திருந்தது.

"நான் பாக்காம என்ட மகள்ட விஷயத்த யாரும் முடிக்க வாணாம்," என்று திரைக்குப் பின்னாலிருந்து அன்ரி சொல்லிவிட்டார்.

டிவியும் பெட்டியும் முன்கூடமான ஹோலில்; அன்ரி அறையில். அதனால்தான் மேல்மாடிப் பெண்ணான என்னை மடிக்கணினியோடு கூப்பிட்டார்கள். அந்தப் பெட்டி வீட்டு வைஃபை வழியாகக் கணினிக்கும் படத்தை அனுப்பும். டிவியில் என்ன ஓடினாலும், அதை நிறுத்தினாலும், இங்கே தனியாகப் பார்க்கலாம். அன்ரியின் கட்டிலில் கணினியை வைத்து, ஹோலில் தொடங்கியபோதே நானும் தொடக்கினேன்.

கொட்டாஞ்சேனையில் மழைவெள்ளம் நின்ற ஓர் ஒழுங்கை. முழங்கால் தண்ணீரில் ஸும்றா, கையில் மைக். அன்ரி கணினித் திரையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "சப்பாத்து நனஞ்சீக்கிது," என்றார்.

உடனே, வந்தவர்களுக்கென்று பொரித்துவைத்திருந்த பெட்டிஸ் பண்டம் நினைவுக்கு வர, குரலை உயர்த்தினார். "மகள், பெரியப்பாக்கு பெட்டிஸ் சூடாக்கிக் குடுங்க!"

தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசி ஸும்றா குசினிக்குள் நின்றாள். "ஓம் உம்மா," என்றாள்.

படம் நின்றது. ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி," என்று நான் வைஃபையைத் துண்டித்து இணைத்தேன். சற்று நேரத்தில் ஓடியது. ஓர் ஆள் வீட்டுக்குள்ளிருந்து வந்து, "படம் பிடிக்கவா வந்தனீ? எங்கட கஷ்டம் உனக்கு வேடிக்கையா?" என்று ஸும்றாவைப் பார்த்துக் கத்தினான். அவள் வாயைத் திறந்தாள். மறுபடியும் நின்றது. திறந்த வாயோடு அவள் முகம் உறைந்து கிடந்தது.

ஹோலில் ஹஸனின் குரல் கேட்டது. "போதும், நிப்பாட்டுங்க! நடுரோட்டில எவனோ ஏசுறான், நாங்க குந்திப் பாக்கிறதா?"

டிவி அடங்கியது. அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவ என்ன பதில் செல்றா? அதக் காட்டுங்க, புள்ள."

நான் எல்லாவற்றையும் செய்துபார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் பக்கம் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது.

"சரி ஸும்றா," ஹோலில் ஹஸன் சொன்னார், "அந்த டிவிக்காரங்களுக்கு போன் கோல் எடுத்து, வர ஏலாண்டு செல்லுங்க."

குசினியில் டிங் என்றது. படம் நகர்ந்தது.

அன்ரி நிமிர்ந்தார். "மகள், இப்ப என்ன செஞ்ச?"

"பெட்டிஸ் ஆறிட்டு உம்மா. இன்னொருக்கா மைக்ரோவேவ்ல வெச்ச. இன்னம் ஒரு தட்டு ஈக்கி."

"அது இரையிற நேரமெல்லாம் இந்தப் படம் நிக்குது," என்று அன்ரி என் பக்கம் திரும்பினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குசினி ஹோலுக்கும் இந்த அறைக்கும் நடுவில். பழைய மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் அது வைஃபையைக் குழப்பியிருக்கிறது.

"ஓம் அன்ரி, அதுதான். மற்றத் தட்டைச் சூடாக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அன்ரி ஒரு கணம் தயங்கினார். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அத நிப்பாட்டுங்க மகள்! ஆறினதையே திங்கட்டும்!"



படம் தடங்கலின்றி ஓடியது. அந்த ஆள் கத்தி முடிக்கும்வரை ஸும்றா மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக் காத்து நின்றாள். பிறகு, "தண்ணி எங்க அடைச்சு நிக்குதெண்டு காட்டுவீங்களா நானா?" என்று அண்ணனைக் கூப்பிடும் முறையில் கேட்டாள். அவன் அவளைச் சற்று நேரம் பார்த்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியில் குழி இருக்கிறது என்று கையை நீட்டித் தடுத்துத் தடுத்து, அடைபட்ட வாய்க்கால்வரை கூட்டிப்போனான். கடைசியில் அவன் மனைவி ஸும்றாவின் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

அன்ரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைவாசல் திரையோரம் போய் நின்றார்.

"மச்சான், நீங்க ஏச்சோட நிப்பாட்டிட்டீங்க. நான் மிச்சத்தையும் பாத்த. அவ போவட்டும்."

"தெருவில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க, லுத்பியா."

"பேசட்டும். எப்பிடி நிக்கோணுமெண்டு அவளுக்குத் தெரியும். நீங்களும் மிச்சத்தப் பாருங்க."

 பிறகு டிவி மீண்டும் சத்தமிட்டது. அன்ரி திரையின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்தபடி நின்றார். ஏச்சு வந்தது, போனது. வாய்க்கால் வந்தது. கால் கழுவும் தண்ணீரின் சத்தமும் கேட்டது.

ஹஸன் தொண்டையைச் செருமினார். "ஸும்றா, பாங்கு செல்ல முந்தி கோல எடுங்க. வாறனெண்டு செல்லுங்க. கொட்டாஞ்சேனப் பக்கம் போறெண்டா எனக்கும் செல்லிட்டுப் போங்க."

ஸும்றா போனோடு பால்கனிக்கு ஓடும் சத்தம் கேட்டது. அன்ரி கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"இந்த வூட்டில ஆறின பெட்டிஸ் திங்கிறது இண்டைக்குத்தான்," என்று ஹஸன் மருமகன்மாரிடம் முணுமுணுத்தார்.

அன்ரி அதைச் சூடாக்கச் சொல்ல எழப்போனார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "அந்த வாய்க்கால் எடத்த இன்னொருக்கா போடுங்க, புள்ள," என்றார்.